துணை சபாநாயகர் இருவருக்கு வாழ்த்துரை: மூன்று நிமிடத்தில் என்ன பேசலாம்?

குறிப்பேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உரை எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்த நாடு, எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன், கேள்விக்கு அது தேவையில்லை. எங்கள் அவையில் துணை சபாநாயகர்களாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒருவர் எங்கள் கட்சி. இன்னொருவர் எதிர்வரிசையில் இருந்து வந்தவர், எங்கள் உறுப்பினரோடு பல விவாதங்களில் மல்லுக்கட்டியவர். போட்டி இருந்தது, ஒருவர் தோற்றார். அடுத்த அமர்வு தொடங்கியதும் கட்சிக்கு ஒருவர் எழுந்து வாழ்த்திப் பேச வேண்டும். எங்கள் தரப்பில் அந்த வாய்ப்பு எங்கள் உறுப்பினருக்கு. மூன்று நிமிடம்.

பழைய அவைக்குறிப்புகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். "பழுத்த அனுபவசாலி", "பண்பாளர்", "அனைவரையும் அரவணைத்துச் செல்பவர்", "இந்த இருக்கைக்கே பெருமை சேர்ப்பார்". பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உறுப்பினர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும், சும்மா புகழ்ந்துட்டு உட்கார்ற மாதிரி இருக்கக் கூடாது." எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அவைவாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. அவைக்குறிப்புகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். வாழ்த்துரைப் பக்கங்களை எல்லோரும் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். நான் அவற்றை நிதானமாகப் படிப்பேன், காரணம் இருக்கிறது.

இருக்கையில் அமர்ந்திருப்பவரின் நடத்தையைப் பற்றி உறுப்பினர்கள் போகிற போக்கில் விமர்சிக்க முடியாது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபில் (வெஸ்ட்மின்ஸ்டர் மரபு) வந்த அவைகளில் அதற்கென்று தனித் தீர்மானம் கொண்டுவந்தாக வேண்டும். இந்தியாவில் மக்களவைத் துணை சபாநாயகரை நீக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 94ஆம் பிரிவுப்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அவையின் அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். அவ்வளவு பெரிய காரியம். ஆக, ஒரு சாதாரண உறுப்பினர் எழுந்து நின்று, "இந்த இருக்கையிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இது" என்று யாரும் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பாமல் சொல்லக்கூடிய நேரம் இந்த வாழ்த்து நேரம்தான். அதை "பண்பாளர், அன்பாளர்" என்று செலவழித்துவிட்டு உட்கார்ந்தால் எனக்கு மனசு ஆறாது.

அடுத்து, துணை சபாநாயகர் எப்போது இருக்கையில் இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வி நேரத்திலும் பெரிய விவாதத்திலும் சபாநாயகரே இருப்பார். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு, கேலரி காலியான சாயங்காலத்தில், ஒரு மசோதாவை உட்பிரிவு உட்பிரிவாக எடுத்து நிறைவேற்றும்போது, அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா வரும்போது, அந்த நேரங்களில் இருப்பவர் துணை சபாநாயகர். அந்த வேளையில் பேசக் கை தூக்குகிறவர்களும் பெரும்பாலும் முதல்முறை உறுப்பினர்கள், ஓரிரு உறுப்பினர் கொண்ட கட்சிகள். அவர்களுக்குப் பேச்சு கிடைக்குமா, எத்தனை நிமிடம், குறுக்கீடு வந்தால் யார் தடுப்பார் என்பதெல்லாம் இவர்கள் கையில்தான். உங்கள் உறுப்பினர் இதைச் சொல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு. இன்று நீங்கள் வாழ்த்துகிறவர் நாளைக்கு சபாநாயகராகவே ஆகலாம். 1956 பிப்ரவரியில் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் காலமானார். துணை சபாநாயகராக இருந்த அனந்தசயனம் அய்யங்கார் அந்த இடத்துக்கு வந்தார். அவருக்கு அடுத்துத் துணை சபாநாயகரான ஹுகம் சிங்கும் 1962இல் சபாநாயகர் ஆனார். பிரிட்டனில் பெட்டி பூத்ராய்ட் 1987 முதல் துணை சபாநாயகர், 1992இல் அந்த அவையின் முதல் பெண் சபாநாயகர். லிண்ட்சே ஹொய்ல் 2010இலிருந்து துணை, 2019 நவம்பரில் சபாநாயகர். இன்று சொல்லி வைக்கிற வார்த்தை நாளைக்குப் பெரிய இருக்கைக்கும் கூடவே போகும்.

---

கடைசிவரிசை எழுதியது:

அவைவாசகர் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதில் நான் மாறுபடுகிறேன்.

வாழ்த்துரை என்ற பெயரில் கட்சிக்கு ஒருவர், அப்புறம் சுயேச்சை ஒருவர், அப்புறம் "எனக்கும் ஒரு நிமிடம்" என்று நாலு பேர். அந்த நேரத்தில் மக்கள் பிரச்சினை எத்தனையை எடுத்திருக்கலாம்? அது போகட்டும். வாழ்த்துக்கும் அதற்குப் பிறகு நடப்பதற்கும் தொடர்பே இருப்பதில்லை. 2020 செப்டம்பர் 14ஆம் தேதி ஹரிவன்ஷ் மாநிலங்களவைத் துணைத் தலைவராக இரண்டாவது முறை குரல் வாக்கெடுப்பில் தேர்வானார். செப்டம்பர் 20ஆம் தேதி வேளாண் மசோதாக்கள் வந்தன, இருக்கையில் அவர். பிரிவு வாக்கெடுப்பு, அதாவது யார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டும் தரவில்லை என்றது எதிர்க்கட்சி. கேட்டவர்கள் தங்கள் இடத்தில் இல்லை, அவையில் ஒழுங்கும் இல்லை என்றது மறுதரப்பு. அன்றைக்கே அவரை நீக்கக் கோரி 12 கட்சிகள் நோட்டீஸ் கொடுத்தன. மறுநாள் 14 நாள் அவகாசம் இல்லை, முறையான வடிவில் இல்லை என்று அவைத் தலைவர் வெங்கையா நாயுடு அதை நிராகரித்தார். 8 உறுப்பினர்கள் இடைநீக்கம். அவர்கள் வளாகத்திலேயே இரவெல்லாம் தர்ணா இருந்தார்கள். காலையில் ஹரிவன்ஷே தேநீர் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

தேர்வுக்கும் நோட்டீசுக்கும் நடுவில் 6 நாள். வாழ்த்துரையில் என்ன சொல்லியிருந்தால் இது மாறியிருக்கும்?

---

அவைவாசகர் எழுதியது:

> வாழ்த்துரையில் என்ன சொல்லியிருந்தால் இது மாறியிருக்கும்?

அந்த நாள் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய அதே நிகழ்ச்சி, குறிப்பேடு என்ன எழுத வேண்டும் என்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. சண்டை எதைப் பற்றி? குரல் வாக்கெடுப்பில் "ஆம்" என்றவர்கள் அதிகம் என்று இருக்கை அறிவித்தால், அதை ஏற்காமல் பிரிவு கேட்பது உறுப்பினரின் உரிமை. எண்ணிப் பார்த்தால் தோற்கலாம், ஆனாலும் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகும். குழப்பத்தின் நடுவில் அந்த உரிமை என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு இரண்டு தரப்புக்கும் இருந்த பிரச்சினை.

சரி, அதை வாழ்த்துரையிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். "பிரிவு கேட்டால் தருவீர்கள் என்று நம்புகிறோம், கேட்கும்போது நாங்கள் எங்கள் இடத்தில் இருப்போம்." இரண்டு பக்கமும் கட்டுப்படுகிற ஒரு வாக்கியம். அவைக்குறிப்பில் ஏறிவிட்டால் பிறகு யாராவது எடுத்துப் படித்துக் காட்டலாம். உரை நீளமாகிப் போகிறது என்று நீங்கள் சொல்வது எனக்கும் சம்மதம். மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

---

இரண்டாம்வாசிப்பு எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களுடைய பாராளுமன்றத்தில் அரசியலமைப்பின் 64ஆம் உறுப்புரைப்படி சபாநாயகர், குழுக்களின் தவிசாளராகவும் இருக்கிற பிரதிச் சபாநாயகர், குழுக்களின் பிரதித் தவிசாளர் என்று மூன்று பேர். ஒரே நாளில் மூவரையும் தெரிவுசெய்து, மூவரையும் வாழ்த்துவது வழக்கம். 2024 நவம்பர் 21ஆம் திகதி அசோக ரன்வல சபாநாயகராகவும், றிஸ்வி சாலி பிரதிச் சபாநாயகராகவும், ஹேமாலி வீரசேகர பிரதித் தவிசாளராகவும் தெரிவானார்கள். சபாநாயகருக்கு நீண்ட வாழ்த்து, மற்ற இருவருக்கும் கடைசியில் ஒரு வரி என்றுதான் பொதுவாக நடக்கும். மூன்று வாரத்தில் சபாநாயகர் பதவி விலகினார், டிசம்பர் 17இல் புதியவர் வந்தார். மற்ற இருவரும் தங்கள் இடத்திலேயே தொடர்ந்தார்கள்.

எதிர்வரிசையில் இருப்பவரை இந்த இருக்கைகளில் அமர்த்துவதும் எங்களுக்குப் புதிதல்ல. 2015இல் தெரிவான பாராளுமன்றத்தில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த செல்வம் அடைக்கலநாதன் குழுக்களின் பிரதித் தவிசாளர். எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் அப்போது அந்தக் கூட்டமைப்பிடம் இருந்தது. 2020இல் அங்கஜன் இராமநாதன் அந்தப் பதவிக்கு வந்தார், அவர் ஆளும் தரப்பு. ஒரு தமிழ் உறுப்பினர் தலைமை தாங்குகிற சபையில் அமைச்சர் ஒருவர் எழுந்து அவரிடம் அனுமதி கேட்டுப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இருக்கையின் கனம் விளங்கும்.

குறிப்பேடு கவனிக்க வேண்டிய விடயம் போட்டி. 2022 மே மாதம் எங்கள் பிரதிச் சபாநாயகர் பதவிக்கு ரஞ்சித் சியம்பலாப்பிட்டிய 148 வாக்கு எடுத்தார், இம்தியாஸ் பாக்கீர் மாக்கார் 65. வென்றவர் உடனேயே பதவி விலக, மே 17இல் இன்னொரு தேர்தல்: அஜித் ராஜபக்ஷ 109, ரோகிணி கவிரத்ன 78. இப்படி வாக்கெடுப்பு நடந்த சபையில் "ஏகமனதாக" என்ற தொனியில் பேசினால் தோற்றவருக்கு வாக்களித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தோற்றவருக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

---

வாக்குச்சீட்டு எழுதியது:

இரண்டாம்வாசிப்பு சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். பிரிட்டன் மக்களவையில் 2010இலிருந்து துணை சபாநாயகர்கள் மூவரையும் ரகசிய வாக்கெடுப்பில், விருப்ப வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சபாநாயகர் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாரோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து இரண்டு பேர், அதே பக்கத்தில் இருந்து ஒருவர். சபாநாயகரையும் சேர்த்து நால்வரில் குறைந்தது ஒரு பெண்ணும் ஒரு ஆணும் இருக்க வேண்டும். வாக்கு ரகசியம் என்பதால் எதிர்ப்பக்கத்து வேட்பாளர் நம் பக்கத்து உறுப்பினர்களிடமும் போய் ஆதரவு கேட்டாக வேண்டும். அப்படி ஜெயித்து வந்தவரை வாழ்த்தும்போது "எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தாலும்" என்று தொடங்குவது முறையில்லை. நம் ஓட்டிலும்தான் அவர் வந்திருக்கிறார்.

அந்த மூவரில் மூத்தவருக்கு வழிவகைக் குழுத் தலைவர் என்று பெயர். ஒரு காலத்தில் சபாநாயகர் மன்னரின் ஆள் என்று உறுப்பினர்கள் சந்தேகப்பட்டார்கள். அதனால் வரி பற்றிப் பேசும்போது அவரை இருக்கையில் இருந்து இறக்கிவிட்டு, தங்களில் ஒருவரைத் தலைவராக வைத்துக் குழுவாக அமர்ந்தார்கள். அந்தக் குழு இன்று இல்லை, பதவியின் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் நிதி அமைச்சர் பட்ஜெட் வாசிக்கும்போது சபாநாயகர் இறங்கிவிடுவார், துணை சபாநாயகர்தான் தலைமை வகிப்பார். வருடத்தின் மிகப் பரபரப்பான உரைக்கு அவர்தான் தலைவர். அமைச்சர் பட்ஜெட் வாசிக்கும்போது யாரும் குறுக்கே எழக்கூடாது என்பதையும் அவர்தான் காப்பாற்ற வேண்டும். துணைப் பதவியை ஒப்புக்கு இருக்கும் பதவி என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

---

குறிப்பேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நிறைய கிடைத்தது. இரண்டு சந்தேகம்.

எதிர்வரிசையில் இருந்து வந்திருப்பவர் பெண். எங்கள் அவையில் இந்தப் பதவிக்கு வரும் முதல் பெண் அவர் இல்லை. அதைக் குறிப்பிட்டுப் பேசலாமா, வேண்டாமா? அலுவலகத்தில் ஒருவர் "தாயுள்ளத்தோடு அவையை நடத்துவார்" என்று ஒரு வரி போடச் சொல்கிறார்.

இன்னொன்று, அவருக்கும் எங்கள் உறுப்பினருக்கும் நடந்த பழைய சண்டை. அதை அப்படியே தாண்டிப் போவதா, தொட்டுவிட்டுப் போவதா?

---

வினாநேரம் எழுதியது:

தாயுள்ளம் வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. அவர் அவை விதிகளைக் கரைத்துக் குடித்து, ஓட்டு கேட்டு, ஜெயித்து வந்திருக்கிறார். ஆண் உறுப்பினரை வாழ்த்தும்போது "தந்தையுள்ளத்தோடு" என்று யாரும் சொல்வதில்லையே.

முதல் பெண் என்றால் ஒரு முறை, தெளிவாகச் சொல்லலாம். அது வரலாறு. வயலட் ஆல்வா 1962இல் மாநிலங்களவைத் துணைத் தலைவரானபோது அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1970இல் பெட்டி ஹார்வி ஆண்டர்சன் பிரிட்டன் மக்களவையின் முதல் பெண் துணை சபாநாயகர். 2024 ஜூலையில் அதே அவையில் நுஸ்ரத் கனி, ஜூடித் கம்மின்ஸ், கரோலின் நோக்ஸ் என்று மூன்று துணை சபாநாயகர்களும் பெண்கள், அப்படி அமைந்தது அதுவே முதல் முறை. இதெல்லாம் சொல்ல வேண்டிய செய்தி. உங்கள் அவையில் இவர் முதல் பெண் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அவருடைய வேலையைப் பற்றிப் பேசுங்கள். எந்த மசோதாவில் எந்தத் திருத்தம் கொண்டுவந்தார், எந்தக் குழுவில் என்ன அறிக்கை எழுதினார் என்று ஒன்றே ஒன்று, குறிப்பாக.

சண்டையைத் தொடுங்கள். அவையே பார்த்த சண்டையைப் பார்க்காத மாதிரி பேசினால் அடுத்து சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

---

பழையதவிசாளர் எழுதியது:

நான் நாடாளுமன்றத்துக்குப் போனவன் இல்லை. ஒரு உள்ளாட்சி மன்றத்தில் துணைத் தலைவராக இருந்தேன், தலைவர் வராத நாளெல்லாம் கூட்டத்தை நடத்துவேன். வாழ்த்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

நான் தேர்வான அன்றைக்குப் பதினைந்து பேராவது பேசியிருப்பார்கள். மாலை மரியாதை எல்லாம் உண்டு. மனசில் நின்றது ஒருவர் பேசியதுதான். எதிரணியில் மூத்த உறுப்பினர், எழுந்தார், "தம்பிக்கு வாழ்த்து" என்றார். "நான் பேசுறப்ப நேரம் முடிஞ்சா மணி அடிச்சு நிறுத்துங்க, வருத்தமில்ல. ஆனா ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லிடுங்க, சொல்ல வந்தத முடிச்சுக்குவேன். எனக்கு மட்டும் இல்ல, உங்க ஆளுக்கும் அதே மணி." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்திலேயே ஒரு நிமிடம் முன்பாக மணியை லேசாக ஒரு தட்டு, முடியும்போது இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டேன். பதவியை விட்டு இறங்கும் வரைக்கும் அதுவே பழக்கம். எங்கள் அணித்தலைவர் ஒருமுறை இரண்டாவது தட்டுக்குப் பிறகும் பேசிக்கொண்டே போனார். எதிரணிப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை நிறுத்தச் சொன்னேன். கட்சியில் எனக்கு நல்ல திட்டு விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் கூட்டத்தில் மணியை மீறி யாரும் பேசவில்லை.

கடைசிவரிசை தம்பி, வாழ்த்துரையால் ஒன்றும் ஆகாது என்கிறீர்களே. செய்யக்கூடிய சின்ன விஷயமாகக் கேட்டால் ஆகும். "நடுநிலையோடு நடப்பார் என நம்புகிறேன்" என்றால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

---

கடைசிவரிசை எழுதியது:

ஐயா, அந்த மணி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படிக் கேட்கிற உரை என்றால் நானும் முழுதாகக் கேட்பேன்.

என் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்திய மக்களவையில் வாழ்த்துவதற்கே ஆள் இல்லாமல் ஒரு முழு அவை முடிந்துபோனது. 2019 முதல் 2024 வரை, 17ஆவது மக்களவை முழுக்கத் துணை சபாநாயகர் தேர்தல் நடக்கவில்லை. அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அடுத்த மக்களவை அமைந்து ஓராண்டு கடந்த பிறகும் இடம் காலியாகவே இருந்தது. அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது, நாள் குறிப்பிடவில்லை. மக்களவை விதிப்படி அந்தத் தேர்தலுக்கு நாள் குறிப்பது சபாநாயகர். அவர் குறிக்காவிட்டால் என்ன என்பதற்கு விதியில் பதில் இல்லை. 2023இல் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, இதே பதவி காலியாக இருந்த ஐந்து மாநிலங்களுக்கும் சேர்த்து நோட்டீஸ் போனது.

முன்னே எப்படி இருந்தது? வாஜ்பாய் ஆட்சியில் காங்கிரஸின் பி. எம். சயீத். மன்மோகன் சிங் ஆட்சியில் முதலில் அகாலி தளத்தின் சரண்ஜித் சிங் அத்வால், பிறகு பா.ஜ.க.வின் கரியா முண்டா. 2014 ஆகஸ்டில் அ.தி.மு.க.வின் தம்பிதுரை போட்டியின்றித் தேர்வானார், 1985இலும் அவர் அந்தப் பதவியில் இருந்தவர். தி.மு.க.வின் ஜி. லட்சுமணன் 1980இல். தமிழ்நாட்டுக்காரர்கள் அந்த இருக்கையில் அமர்ந்து அவையை நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

---

அவைவாசகர் எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது. மக்களவையில் சபாநாயகருக்கு இடப்புறம் முன்வரிசையின் முதல் இருக்கை துணை சபாநாயகருடையது, அதை ஒட்டித்தான் எதிர்க்கட்சித் தலைவர் அமர்வார். அந்த இடம் காலியாக இருந்தால் அவையைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் இருந்து யாரையாவது அமர்த்தி அன்றாட வேலையை ஓட்டிவிடலாம். ஆனால் அவர்கள் சபாநாயகரால் நியமிக்கப்படுகிறவர்கள். துணை சபாநாயகரை அவையே தேர்ந்தெடுக்கிறது. சபாநாயகர் பதவி விலகினால் கடிதம் கொடுக்க வேண்டியது துணை சபாநாயகரிடம்தான், சபாநாயகர் பதவி காலியானால் அந்தக் கடமைகளைச் செய்ய வேண்டியவரும் அவர்தான். இதை ஒரு பட்டியல் ஈடுசெய்யாது.

ஜெர்மனியில் வேறு மாதிரி ஒரு நிலைமை. அங்கே ஒவ்வொரு கட்சிக் குழுவுக்கும் குறைந்தது ஒரு துணைத் தலைவர் என்று அவை விதி சொல்கிறது, ஆனால் அவை ஓட்டுப் போட்டால்தான் பதவி. 2017இலிருந்து ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தக் கட்சி பற்றிய என் கருத்து வேறு. விதியில் இடம் இருந்தாலும் சக உறுப்பினர்களின் நம்பிக்கை இல்லாமல் அந்த இருக்கைக்கு வர முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குறிப்பேடு, எழுதியதைப் போடுங்கள், பார்ப்போம்.

---

குறிப்பேடு எழுதியது:

இதோ, முதல் வரைவு. பெயர்களை எடுத்துவிட்டேன்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே,

துணை சபாநாயகர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் இரு உறுப்பினர்களுக்கும் எங்கள் கட்சியின் சார்பில் வாழ்த்துகள். போட்டியிட்டு வாய்ப்பை இழந்த உறுப்பினருக்கும் என் நன்றி. அவர் நின்றதால்தான் இந்த அவைக்கு ஒரு தேர்தல் கிடைத்தது.

இருவரில் ஒருவர் எங்கள் கட்சியின் தூணாக இருப்பவர். எத்தனை மணி ஆனாலும் ஒரு மசோதாவின் கடைசி உட்பிரிவு வரை அவையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நான் இருந்து பார்த்திருக்கிறேன். இன்னொருவர் எனக்கு நேர் எதிரே இருந்தவர். நிலச் சட்டத் திருத்தத்தில் நாங்கள் இருவரும் மோதிக்கொண்டதை இந்த அவை பார்த்தது. நான் மேற்கோள் காட்டிய ஒரு தீர்ப்பைப் பாதியில் நிறுத்தி, முழுப் பத்தியையும் படிக்கச் சொன்னார். படித்தேன். அவருடைய திருத்தம் அந்தப் பத்தியினால்தான் நிறைவேறியது, அந்தத் திருத்தத்தோடுதான் சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது.

சபாநாயகர் அவர்களே, இந்த அவையில் மாலை ஏழு மணிக்குப் பிறகு பேசுகிறவர்கள் பெரும்பாலும் புதியவர்களும் சிறிய கட்சியினரும். அந்த வேளையில் இருக்கையில் இருக்கப் போகிறவர்கள் இவர்கள். இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். பகலில் மூத்த உறுப்பினருக்குக் கிடைக்கும் அதே நிமிடங்கள் இரவில் முதல்முறை உறுப்பினருக்கும் கிடைக்க வேண்டும். பிரிவு வாக்கெடுப்பு கேட்டால், கேட்டவர் ஒருவரே ஆனாலும், தர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருந்து நாங்கள் தருவதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுந்தால் நாங்கள் உட்காருவோம். பிரிவு கேட்கும்போது எங்கள் இடத்தில் இருப்போம். உங்கள் தீர்ப்பு எங்களுக்குப் பாதகமாக வந்தால் விதிப்படி எழுதிக் கொடுப்போம், இருக்கையை நோக்கிக் கூச்சல் போட மாட்டோம். நன்றி."

---

வினாநேரம் எழுதியது:

தீர்ப்பைப் படிக்கச் சொன்ன இடம் அருமை. அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் இருக்கையில் எப்படி இருப்பார் என்று இப்போது தெரிகிறது.

---

இரண்டாம்வாசிப்பு எழுதியது:

நல்ல உரை. "கட்சியின் தூணாக இருப்பவர்" என்ற இடம் மட்டும் உறுத்துகிறது. மற்றவரைப் பற்றிச் சொல்லும்போது "எதிரே இருந்தவர்" என்று முடித்துவிட்டீர்கள், உங்களவரை இன்னமும் கட்சிக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். இருவருக்கும் சமன் வேண்டும் என்று உங்கள் உறுப்பினரே கேட்டாரல்லவா?

---

அவைவாசகர் எழுதியது:

நானும் அங்கேதான் நின்றேன். துணை சபாநாயகர் கட்சியை விட்டே வர வேண்டும் என்று எல்லா நாட்டிலும் இல்லை. இந்தியாவில் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, பதவிக்கு வந்ததும் கட்சி உறுப்பினர் பொறுப்பை விட்டால் கட்சித்தாவல் ஆகாது என்று விலக்கு தருகிறது, விட்டாக வேண்டும் என்று சொல்லவில்லை. சபாநாயகர் இருக்கையில் இருக்கும்போது துணை சபாநாயகர் தன் இடத்தில் இருந்து பேசலாம், ஓட்டுப் போடலாம். பிரிட்டனில் பதவியில் இருக்கும் வரை ஓட்டுப் போடுவதில்லை, ஆனால் அடுத்த தேர்தலில் கட்சிச் சின்னத்தில்தான் நிற்பார்கள். ஆக, சட்டம் எப்படி இருந்தாலும், வாழ்த்தும் நாளில் "எங்கள் தூண்" என்று சொன்னால் எதிர்வரிசை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அவர் முதல் தீர்ப்பை உங்களுக்குச் சாதகமாகச் சொல்லும் அன்றைக்கே இந்த வரியைத் திருப்பிப் படிப்பார்கள். அவருக்கு நீங்கள் கெடுதல் செய்ததாக ஆகும்.

"இத்தனை காலம் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்" என்று மாற்றுங்கள். போதும்.

---

பழையதவிசாளர் எழுதியது:

"ஒன்று கேட்கிறேன்" என்று தொடங்கி இரண்டு கேட்டிருக்கிறீர்கள். "இரண்டு கேட்கிறேன்" என்று போட்டுவிடுங்கள். கடைசிப் பத்தியில் கை வைக்க வேண்டாம். உங்கள் கொறடாவிடம் மட்டும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கட்சி முழுக்கக் கட்டுப்படுகிற வாக்கு அது, அவருக்குத் தெரியாமல் அவையில் கொடுக்கக் கூடாது.

---

குறிப்பேடு எழுதியது:

மாற்றிவிட்டேன். கொறடா படித்தார், "கூச்சல்" என்ற வார்த்தையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு இருக்கட்டும் என்றார். உறுப்பினர் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பார்த்தார், மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிறது. கடைசியாக ஒன்று: "நீங்கள் எழுந்தால்" என்று துணை சபாநாயகர்களைப் பார்த்துச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அப்போது இருக்கையில் சபாநாயகர் இருப்பார். அது சரியா?

---

அவைவாசகர் எழுதியது:

விளிப்பது எப்போதும் இருக்கையில் இருப்பவரைத்தான். "அவர்கள் எழுந்தால் நாங்கள் உட்காருவோம், அவர்கள் தீர்ப்பு எங்களுக்குப் பாதகமாக வந்தால்" என்று படர்க்கையில் மாற்றிவிடுங்கள். சொல்லும்போது அவர்கள் இருவரின் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொல்லலாம், அதை எந்த விதியும் தடுக்காது. ஒருவேளை அன்றைக்கு அவர்களில் ஒருவரையே சபாநாயகர் இருக்கைக்கு அழைத்து அமர்த்திவிட்டால் "துணை சபாநாயகர் அவர்களே" என்று தொடங்க வேண்டியிருக்கும். தாளில் இரண்டு தொடக்கத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.